நஞ்சப்பண்ணன் வாட்ச் அணைந்த சனிக்கிழமை

நஞ்சப்பண்ணன் சாக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மட்டன் பிரியாணி. அவர் கேட்டுக்கொண்டதுதான். ரத்தத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் ஆட்டுக்கறியை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. "சாகறதுதான் சாகறேன், எதுக்குங்க கீரையோட சாகணும்?" என்றார். சீரகச் சம்பாவை எடுத்து ஊற வைத்தேன்.

அதற்கு முன் எங்கள் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பல் டாக்டர். கோயமுத்தூர் கணபதியில் கிளினிக் வைத்திருக்கிறேன். நஞ்சப்பண்ணன் எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி, இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். லூர்துநாதன் சார் பக்கத்துத் தெரு, காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவர். எங்கள் மூவரையும் சேர்த்து வைத்தது கைக்கடிகாரம். வாங்கிக் கட்டிக்கொண்டு பேசாமல் இருக்கிற ரகமில்லை நாங்கள். வாங்கியதைப் பிரிக்கிற ரகம். இந்த வாட்ச்சின் டயலைக் கழற்றி அந்த வாட்ச்சில் மாட்டுவோம். இருட்டில் பச்சையாக ஒளிர்வதற்காக முள்ளில் பூசியிருக்கும் பழைய பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுவோம்.

அந்தப் பூச்சுக்கு லூம் என்று பெயர். எங்கள் ஊரில் லூம் என்றால் விசைத்தறிதான். "எத்தனை லூம் ஓடுதும்மா?" என்று என் மாமனார் ஒருமுறை மரியாதையாக விசாரித்தார். என் வீட்டுக்காரர் தனபால் அந்த மரியாதையெல்லாம் பார்ப்பதில்லை. கிரைண்டர் கடை நடத்துகிறவர், எதுவும் ஓடினால் போதும் அவருக்கு. "நல்லா ஓடற வாட்ச்சைப் பிரிச்சு, ஓடாமப் பண்ணி, மறுபடி ஓட வெக்கறதுக்கு மூணு பேரு இவ்வளவு படிச்சிருக்கீங்க" என்பார்.

ஞாயிறு மாலை மூவரும் என் கிளினிக்கில் கூடுவோம். அங்கே எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிய பழைய இருட்டறை ஒன்று உண்டு. இப்போது துடைப்பமும் வாளியும் இருக்கிற இடம். அதற்குள் நெருக்கியடித்து நின்று, கதவைச் சாத்தி, மூன்று மணிக்கட்டுகளையும் ஒன்றாக நீட்டுவோம். யாருடைய முள் அதிகம் ஒளிர்கிறதோ அவர் அந்த வார ராஜா. மற்ற இருவரும் டீயும் வர்க்கியும் வாங்கித் தர வேண்டும். உள்ளே நுழைவதற்கு முன் வாட்ச் மேல் டார்ச் அடித்துக்கொண்டு வருவது விதிப்படி தப்பு. மூவருமே அடித்துக்கொண்டுதான் வருவோம்.

ஒரு நாள் மூவர் முள்ளுக்கும் பூச உட்கார்ந்தேன். பச்சைப் பொடியை வார்னிஷில் குழைத்து, முள்ளின் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு துளியை உட்கார வைக்க வேண்டும். மூச்சு விட்டால்கூடத் துளி உடைந்துவிடும். அன்றைக்கென்று வார்னிஷ் பாட்டில் காய்ந்து கிடந்தது. கையருகே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பல் அடைக்கிற பசை இருந்தது. அதில் பொடியைக் குழைத்துப் பூசி, பல்லுக்கு அடிக்கிற அதே நீல விளக்கை அடித்தேன். கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த வாரப் போட்டியில் லூர்து சார் படுதோல்வி. பகலெல்லாம் பால்கனி வெயிலில் வைத்துக் கொண்டுவந்த வாட்ச் அது, கரியாய்க் கிடந்தது. என்னுடையது பீரோவுக்குள் புடவைகளுக்கு அடியில் கிடந்துவிட்டு நேராக வந்தது. அது ஜெகஜோதியாக எரிந்தது. லூர்து சார் டீக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு போய்விட்டார். ஒரு வாரம் ஆளையே காணோம். அடுத்த ஞாயிறு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இது வாங்கின வெளிச்சத்தைக் காட்டலீங்க. நாளைக்கு இதே நேரத்துல வாங்கப்போற வெளிச்சத்தைக் காட்டுது" என்றார்.

"அதெப்படீங் சார்? சம்பளம் வர்றதுக்கு முந்தியே செலவா?" என்றார் நஞ்சப்பண்ணன்.

"கிரெடிட் கார்டுன்னு வெச்சுக்கங்க. போன வாரம் என்னோடது ஏன் இருட்டா இருந்துச்சு? தோத்த கடுப்புல அதை மறுநாள் பூரா டிராயருக்குள்ள போட்டு வெச்சிருந்தேன். அதனால முந்தின நாளே இருட்டா இருந்துச்சு."

"அப்ப டிராயர்ல போட்டதாலதான் தோத்தீங்க. தோத்ததாலதான் டிராயர்ல போட்டீங்க" என்றேன்.

"அதை மட்டும் யோசிக்காதீங்க டாக்டர். மூணு நாளாத் தூக்கம் வரலை."

நஞ்சப்பண்ணன் வர்க்கியை டீயில் நனைத்தபடி கேட்டார். "கிரெடிட் கார்டுன்னா வட்டி போடுவானே. இதுக்கு வட்டி என்னங்க?"

லூர்து சாருக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

ஏமாற்ற முடியுமா என்று சார் முயன்று பார்த்தார். சாயங்காலம் வாட்ச் ஒளிர்ந்தது. சரி, நாளை இதே நேரம் இதைப் பூட்டியே வைப்பேன் என்று டிராயரில் பூட்டினார். மறுநாள் சரியாக அந்த நேரத்துக்கு அவர் மனைவி மாற்றுச் சாவி போட்டுத் திறந்தார். பிள்ளையின் புராஜெக்டுக்குக் கத்தரிக்கோல் வேண்டுமாம். அதோடு சார் முயற்சியைக் கைவிட்டார். அதே பசையும் பொடியும் போட்டு நான் பத்துத் தடவை குழைத்துப் பார்த்தேன், அந்த லூம் திரும்ப வரவே இல்லை. உலகத்தில் அது இருந்தது எங்கள் மூன்று வாட்ச்சில் மட்டும்தான்.

இப்படி ஒரு அதிசயம் கிடைத்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நாங்கள் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டோம். நஞ்சப்பண்ணன் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே வாட்ச்சைப் பார்ப்பார். வெளியே வந்து, "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மேகமுங்க, வத்தல் போடாதீங்க" என்று அறிவிப்பார். தப்பவே தப்பாது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதையும் ஒரு நாள் முன்பே சொல்லிவிடுவார். அபார்ட்மெண்டில் அவர் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. அந்த வாட்ச்சைக் கழற்றினால் கணக்குத் தப்பும் என்று குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூடக் கையை விட்டு எடுப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நான் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன். நஞ்சப்பண்ணன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் இருட்டறைக்கு வாங்க."

நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்க, இருவரும் துடைப்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றோம். என் முள் பளிச்சென்று தெரிந்தது. அவர் மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை.

"வெடிஞ்சதுலருந்து இப்படித்தானுங்க. நாளைக்குப் பகல்ல என்ற கைக்கு ஒரு பொட்டு வெளிச்சம் கெடையாது. இதை நான் கழட்டறதில்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"முழுக்கைச் சட்டை போட்டிருப்பீங்கண்ணா."

"என்றகிட்ட முழுக்கைச் சட்டையே இல்லீங்க."

லூர்து சாரை வரவழைத்தோம். அவரும் உள்ளே வந்து பார்த்தார். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒருத்தர் செத்துட்டா ஐஸ் பெட்டியிலதானே வெப்பாங்க? மேல கண்ணாடி, உள்ள டியூப் லைட். அப்படிப் பாத்தா வாட்ச் ஜம்முனு எரியணுமே!" என்றார்.

"அப்ப ஐஸ் பெட்டியெல்லாம் முடிஞ்சு மண்ணுக்குள்ள வெச்சாச்சுன்னு அர்த்தமுங்க."

"ஒரே காலையில அவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்?"

"என்ற பங்காளிக சுறுசுறுப்பானவங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. இந்த லூமை யாரும் ஏமாற்ற முடியாது என்று நாங்களே நிரூபித்திருந்தோம். ஒரு பாட்டில் வார்னிஷ் வாங்கி வைக்காத சோம்பேறித்தனத்தால் ஒரு நல்ல மனிதருக்கு அவர் சாவை முந்தின நாளே காட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னோம். அங்கே டியூப் லைட் அதிகம், வாட்ச் எரிந்திருக்குமே, அதனால் நான் அங்கே இருக்கப்போவதில்லை என்றார். தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை. பிரியாணி மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

போகிற போக்கில் எனக்கு ஒன்று சொன்னார். "சாகப்போறவன் மனசுல வெச்சுக்கக் கூடாதுங்க. நீங்க பூசற முள்ளெல்லாம் மேடும் பள்ளமுமாத்தான் இருக்கும். நல்லாருக்குன்னு சொன்னது சும்மா." லூர்து சாரிடம், "நீங்க சொல்ற பிசிக்ஸ் ஒண்ணும் எனக்குப் புரிஞ்சதில்லீங்க. டீக்காகத்தான் ஒக்காந்திருப்பேன்" என்றார்.

நாங்கள் அதோடு தப்பித்தோம். அவர் வீட்டுக்குப் போய் போனை எடுத்து உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பாலிசி உங்களுக்குத் தேவையே இல்லீங்க, நான்தான் தலையில கட்டினேன்" என்று வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். கார் ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த வாட்ச்சுகளையெல்லாம் எடுத்து, வாட்ச்மேனிலிருந்து பால்காரர் வரை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். சாயங்காலம் மனைவி திலகவதி வந்ததும் அவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

திலகா அக்கா வக்கீல். குடும்ப நல கோர்ட்டில் அவர் எழுந்து நின்றாலே எதிர்க்கட்சி வக்கீல் வாய்தா கேட்பார் என்று பேச்சு. தினமும் ராத்திரி சாப்பிடும்போது அன்றைய வழக்கை நஞ்சப்பண்ணனுக்கு விவரமாகச் சொல்வார். அது அவர்கள் வீட்டு வழக்கம். அன்று நஞ்சப்பண்ணன் அந்த மனைவியிடம் சொன்னது இது: "நீ கேஸ் சொல்றப்ப நான் கேக்கறதே இல்ல திலகா. தலைய மட்டும் ஆட்டிட்டு, வாட்ச்சுல செகண்டு முள்ளு சுத்தறதைப் பாத்துட்டிருப்பேன். கல்யாணமான நாள்லருந்தே."

ஞாயிறு காலை லூர்து சார் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை இரவல் வாங்கிக்கொண்டு முதல் ஆளாக எங்கள் வீட்டுக்கு வந்தார். தனபால் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "ஜோசியம் முடிஞ்சா சொல்லுங்க, சோறு போடலாம்" என்றார். நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். நஞ்சப்பண்ணன் வந்தபோது பிரியாணி தம்மில் இருந்தது. மனிதர் முகம் தொங்கிப்போயிருந்தது. நான் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளைப் பட்டை மட்டும்தான் இருந்தது.

"வாட்ச் எங்கண்ணா?"

"அதையேனுங் கேக்கறீங்க. வெடியறதுக்கு முந்தி திலகா எழுப்பி, கழட்டுங்கன்னா. அவ சொன்ன தொனில மறுத்துப் பேச முடியலீங்க. செகண்டு முள்ளைத்தானே பாத்தீங்க, இனிமே அரிசியைப் போயிப் பாருங்கன்னு சொல்லி, அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு மூடிப் போட்டுட்டா. நாளைக்குத்தான் தருவாளாம்."

லூர்து சார் மெல்ல எழுந்தார். "அரிசி டின் எவர்சில்வரா?"

"ஆமாங்க."

"வெளிச்சம் போகாதில்ல?"

"எப்படீங்க போகு..." என்று ஆரம்பித்த நஞ்சப்பண்ணன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

எல்லோரும் சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. வாட்ச் இருண்டதால் சாகப்போகிறோம் என்று நினைத்தார். சாகப்போகிறோம் என்று நினைத்ததால் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொன்னதால் வாட்ச் அரிசிக்குள் போனது. அரிசிக்குள் போனதால் முந்தின நாளே இருண்டது. "என் டிராயர் கதையேதான்!" என்று லூர்து சார் நாற்காலியைத் தட்டினார். நஞ்சப்பண்ணன் பிரியாணியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு நாள் பூராவும் பயந்த பயத்துக்கு அது குறைவுதான்.

கை கழுவி வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஏனுங்க, நான் எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டனே" என்றார் சுவரைப் பார்த்தபடி.

அதுதான் வட்டி. அண்ணன் முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் இந்த ஞாயிறுதான் கிடைத்தது. செத்துப்போகிறவன் உண்மையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். சொல்லிவிட்டுச் சாகாமல் இருப்பதுதான் கஷ்டம். பால்காரர் கட்டியிருக்கும் வாட்ச்சைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனின் கண் கலங்கியது. திருப்பிக் கேட்க நாக்கு எழவில்லை. பாலிசிக்காரர்கள் பாதிப் பேர் விலகிக்கொண்டார்கள். ஆனால் இப்படி உண்மை பேசுகிற ஏஜெண்ட் ஊரில் கிடையாது என்று புதிதாக நாலு பேர் தேடி வந்தார்கள். அவர்களிடமும் உண்மையே பேச வேண்டியிருந்தது பாவம். ராத்திரிச் சாப்பாட்டின்போது திலகா அக்கா வழக்கு சொல்வதை நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தி, "இப்ப வாதியோட பேரென்ன?" என்று கேள்வி கேட்க ஆரம்பித்தார். அண்ணன் இப்போது ஜீவனாம்சச் சட்டத்தை நன்றாகவே பேசுகிறார்.

இரண்டு வாரம் கழித்து திலகா அக்கா கடைவாய்ப்பல் வலி என்று கிளினிக்குக்கு வந்தார். ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்கும்போது, பாதி வாயால், "அந்த வாட்ச் நெசமாலுமே தப்பாதுங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

"இதுவரை தப்பலைக்கா. ஆனா நீங்க கோவத்துல அரிசிக்குள்ள வெச்சதைத்தான் அது காட்டியிருக்கு."

"கோவமா?" அக்கா எழுந்து உட்கார்ந்தார். "கோவம் இருந்துச்சு. இத்தனை வருசமாத் தலைய ஆட்டியே ஏமாத்தியிருக்காரு, இருக்காதா? ஆனா கோவத்துல நான் எதையும் ஒளிச்சு வெக்க மாட்டனுங்க. நேரா மூஞ்சிக்கு நேராப் பேசிருவேன்."

"அப்புறம்?"

"அவரு சொல்லி அழுதாரு. நான் ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன். ஞாயித்துக்கெழமை பூரா இருட்டுன்னு இருக்கு. யாருக்கு இருட்டு? வாட்ச்சுக்கு. கட்டியிருக்கற ஆளுக்குன்னு எங்க இருக்கு? ஒரு எழுத்து இல்ல. தீர்ப்பை மாத்த முடியாதுன்னா மாத்த வேண்டாம், அப்படியே நிறைவேத்திரலாம். வாட்ச் இருட்டுல கெடக்கட்டும், அவரு வெளிச்சத்துல இருக்கட்டும். அதான் கழட்டி அரிசிக்குள்ள வெச்சேன். உங்க வீட்டுக்குப் போகச் சொன்னதும் நான்தான். மத்தியானம் தனியா உக்காந்திருக்க முடியலீங்க. சமையக்கட்டு ஜன்னலுக்குப் போர்வை கட்டி, லைட்டை அணைச்சு, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லைன்னு பாத்துட்டு மூடியத் தொறந்தேன்."

"என்ன தெரிஞ்சுதுக்கா?"

"அரிசிக்கு நடுவுல பச்சையா எரிஞ்சுது. அதைச் சுத்தி அரிசியெல்லாம் பச்சை. திங்கக்கெழமை வெளிச்சம் இருக்குன்னு அர்த்தம். அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று வக்கீல் முகத்துக்கு மாறினார். "இதை அவருகிட்டச் சொல்லிராதீங்க. கோவத்துல வெச்சேன்னே இருக்கட்டும். நான் பயந்தது தெரிஞ்சா அப்புறம் ஒரு கேஸும் காது குடுத்துக் கேக்க மாட்டாரு."

அக்கா அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அண்ணன் செத்திருப்பாரா, இல்லை அன்றைக்கு எதுவுமே நடந்திருக்காதா என்று லூர்து சாரிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "விடை கெடையாது. கேக்காதீங்க, தூக்கம் போயிடும்" என்றார். நான் அக்காவின் ரகசியத்தைக் காப்பாற்றினேன். தனபாலிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்றும் நினைத்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு வியாழக்கிழமை கிளினிக்கில் நோயாளி இல்லாத நேரம் பழக்கத்தில் இருட்டறைக்குள் போய்க் கையை நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. கண் பழகவில்லை என்று கொஞ்ச நேரம் நின்றேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு முழுநாள் கிளினிக், தலைக்கு மேல் விளக்கு, கையில் வாட்ச். இருட்டாக இருக்க வழியே கிடையாது. நஞ்சப்பண்ணன் அன்று எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சமையலறையில் சத்தம் கேட்டது. கடையில் இருக்க வேண்டிய தனபால் தரையில் உட்கார்ந்து, அரிசி டின்னிலிருந்து பாதி அரிசியை அண்டாவில் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"நாளைக்கு சோறு வேண்டாம். ஓட்டல்ல பாத்துக்கலாம்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். "வெடியறதுக்கு முந்தி அதைக் கழட்டிக் குடு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் காலைல நீ குளிக்கப் போறப்ப கழட்டி வெக்கறயில்ல. போர்வைக்குள்ள வெச்சுப் பாப்பேன். இன்னிக்கு எரியல."

"தினமுமா? நீங்கதான் இதெல்லாம் ஜோசியம்னு..."

"ஜோசியம்தான்" என்றார். "திலகா வக்கீல் போன மாசம் கிரைண்டர் வாங்க வந்தப்ப விவரம் சொன்னாங்க. உன்றகிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் கேலி செய்த மனிதர், தினமும் காலையில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, நாளைக்கு நான் இருப்பேனா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போயிருக்கிறார்.

மறுநாள் விடியும் முன் வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தேன். அரிசிக்குள் முழங்கை வரை விட்டு ஆழத்தில் வைத்தார். மேலே உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார். மூடியைப் போட்டு அழுத்தினார். அதுவும் போதாதென்று, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கிரைண்டர் கல்லைத் தூக்கி மூடியின் மேல் வைத்தார்.